கண்ணாடிப் பெட்டிக்குப் போகுமுன் 20 கிராம்: தோட்டக் காட்சியகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தோட்டக் காட்சியக ஏற்பாட்டுக் குழுத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்
நகல்: ஆலய நிர்வாகத்தினர், தமிழ்ப்பள்ளி மேலாளர் வாரியத்தினர்
சுங்கை சிப்புட் வட்டாரம், பேராக்

மதிப்புக்குரியோருக்கு வணக்கம்.

பால்வெட்டுக் கத்தி, ரப்பர் பால் பிடிக்கும் மங்கு, பால்வாளி, தொழிலாளர் வருகையைக் குறித்த செக்ரோல் புத்தகம், தோட்டத்து வரிசை வீடான பழைய லயத்துக் கதவு என்று நீங்கள் சேர்த்து வரும் பொருள்களோடு ஒரு கருங்கல்லும் காட்சிக்கு வரப்போவதாக அறிகிறோம். ஏறக்குறைய 600 கிராம் எடை. தாத்தா காலத்தில் கித்தா எனும் ரப்பர்க் காட்டில் வானத்திலிருந்து விழுந்தது என்று சொல்லி ஒரு குடும்பம் பத்திரமாக வைத்திருந்து இப்போது கொடுக்க முன்வந்திருக்கிறது. குழுவில் ஒரு பாதி, கல்லை அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும், யாரும் உடைக்கக் கூடாது என்கிறது. மறு பாதி, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி முழுவதையும் ஆராயச் சொல்ல வேண்டும் என்கிறது.

இரண்டும் வேண்டாம் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். முதலில் ஒரே ஒரு வெட்டு, 20 கிராம். அதன் பிறகு பெட்டி. வரிசை மாறினால் கல்லுக்கும் நட்டம், காட்சியகத்துக்கும் நட்டம். ஏன் என்பதை விவரமாகவே எழுதுகிறோம். குழுவில் முடிவெடுப்பவர்கள் கையில் எண்கள் இருக்க வேண்டும்.

அது விண்கல்தானா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. கிந்தா பள்ளத்தாக்கு வெள்ளீயத்தின் ஊர். வெள்ளீயம் உருக்கிய கசடு, ஆலை உலைக் கட்டி, செம்பூராங்கல்லில் இறுகிய இரும்புக் கட்டி, மேக்னடைட் என்று விண்கல் போலத் தோன்றும் கற்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. கையில் கனமாக இருப்பதும் கறுப்பாக இருப்பதும் போதாது. கசடாக இருந்தால் உடைந்த இடத்தில் குமிழித் துளைகள் தெரியும். விண்கல்லில் அவை மிக அரிது. விண்கல்லின் வெளித்தோல் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான கருகிய பூச்சு. கீறல் விழுந்த இடத்தில் உள்ளே வெளிர்ச் சாம்பல் நிறமும், ஆங்காங்கே வெள்ளிப் புள்ளிபோல் உலோகமும் தெரியலாம். நெடுநாள் ஈரத்தில் கிடந்திருந்தால் உள்ளேயும் பழுப்பேறியிருக்கும். தானாக உதிர்ந்த துணுக்கு இருந்தால் அதைக் குளியலறை ஓட்டின் பூச்சில்லாத பின்புறத்தில் தேய்த்துப் பாருங்கள். செம்பழுப்புக் கோடு விழுந்தால் ஹேமடைட், கருஞ்சாம்பல் கோடு என்றால் மேக்னடைட். காண்ட்ரைட் எனப்படும் சாதாரண விண்கல் பெரும்பாலும் கோடே போடாது. துணுக்கு இல்லையென்றால் இந்தச் சோதனை வேண்டாம். தோலைத் தேய்க்கக் கூடாது.

காந்தத்தை மட்டும் தயவுசெய்து கிட்டே கொண்டு போகாதீர்கள். "காந்தம் ஒட்டினால் விண்கல்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒட்டும், உண்மைதான், ஆனால் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தமோ கடையில் விற்கும் நியோடைமியம் காந்தமோ ஒரு முறை தொட்டாலே, கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கல்லுக்குள் உறைந்திருந்த பழைய காந்தப் பதிவு அழிந்து அந்தக் காந்தத்தின் பதிவு ஏறிவிடும். செவ்வாயிலிருந்து வந்த புகழ்பெற்ற கறுப்புக் கல் ஒன்றில் பழங்காலக் காந்தப்புலத்தின் தடயம் கையில் பிடித்த காந்தங்களால் துடைக்கப்பட்டுப் போனதை 2023-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதைத் திருப்பிக் கொண்டுவர வழியே கிடையாது. சாரணர் திசைகாட்டி ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, கல்லை மெதுவாக 5 சென்டிமீட்டர் வரை நகர்த்துங்கள். முள் அசைந்தால் இரும்பு இருக்கிறது என்று அறிய அதுவே போதும்.

இந்தச் சோதனைகளில் தேறினாலும் அது விண்கல் என்று யாரும் கையெழுத்திட மாட்டார்கள். அதற்குத்தான் 20 கிராம்.

உலக விண்கல் கழகத்தின் பெயரிடும் குழு ஒரு கல்லை ஏற்றுக்கொண்டு பதிவேட்டில் சேர்க்க வேண்டுமானால், கல்லின் எடையில் 20 விழுக்காடு அல்லது 20 கிராம், இரண்டில் எது குறைவோ அது, முறையான சேகரிப்பு உள்ள ஒரு நிறுவனத்தில் மாதிரித் துண்டாக நிரந்தரமாக இருக்க வேண்டும். 600 கிராமில் 20 விழுக்காடு 120 கிராம். ஆகவே குறைவான 20 கிராம் போதும். கல் 60 கிராம்தான் இருந்திருந்தால் 12 கிராம். பெயர் விழுந்த இடத்தைக் கொண்டே சூட்டப்படும். அந்தப் பதிவில் நம் வட்டாரத்தின் பெயர் உலகப் பட்டியலில் ஏறும். பதிவில்லாத கல்லைப் பெட்டிக்குள் வைத்து "விண்கல்" என்று அட்டை எழுதினால், பார்க்க வரும் பிள்ளை "எப்படித் தெரியும்?" என்று கேட்கும்போது நம்மிடம் பதில் இருக்காது.

அந்த 20 கிராமும் பொடியாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். அதிலிருந்து ஒரு வில்லை அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும் சீவலாக்குவார்கள். அறுவையும் தேய்மானமும் சேர்ந்து 1, 2 கிராம் போகும். அந்தச் சீவலில் எலெக்ட்ரான் நுண்ணாய்வியைக் கொண்டு ஆலிவீன் கனிமத்தில் இரும்பின் பங்கு எவ்வளவு என்று அளப்பார்கள். சாதாரணக் காண்ட்ரைட்டில் மூன்று வகை உண்டு: அந்தப் பங்கு 16 முதல் 20 விழுக்காடு வரை வந்தால் எச் வகை, 22 முதல் 26 வரை எல், 27 முதல் 32 வரை எல்எல். மொத்த வேதியியலுக்கு 1 கிராம், சிக்கிய வாயுக்களுக்கு 0.1 அல்லது 0.2 கிராம், ஆக்சிஜன் ஐசோடோப்புக்குச் சில மில்லிகிராம். ஆக உண்மையில் அழிவது 2, 3 கிராம். மீதி மாதிரித் துண்டாகவே நிற்கும். சந்தேகம் வந்தால் இன்னொரு ஆய்வகம் அதையே திரும்ப அளக்கலாம்.

வெட்டுவதில்தான் கவனம் வேண்டும். 600 கிராம் காண்ட்ரைட் டென்னிஸ் பந்தைவிடச் சற்றுப் பெரிசு, குறுக்கே 7 சென்டிமீட்டர். அதன் ஓரத்தில் 8 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மூடிபோல் அறுத்தால் 20 கிராம் கிடைக்கும். வெட்டு முகம் ஏறக்குறைய 15 சதுர சென்டிமீட்டர். 0.8 மில்லிமீட்டர் வட்ட வைர வாளால் அறுத்தால் 4 கிராம் தூளாகப் போகும், 0.3 மில்லிமீட்டர் வைரக் கம்பி வாளால் அறுத்தால் 1.5 கிராம். கம்பி வாள் உள்ள ஆய்வகத்தையே கேளுங்கள். குளிர்விக்கத் தண்ணீர் விடக் கூடாது, எண்ணெய் அறவே கூடாது. ஐசோபுரோப்பனால் அல்லது எத்தனால் போதும். கரி போன்ற கருமையான, நொறுங்கும் வகையாக இருந்தால் அதுவும் வேண்டாம், உலர்வாகவே மெல்ல அறுக்க வேண்டும். தூளையும் ஒரு சீசாவில் போட்டுத் திரும்பத் தரச் சொல்லுங்கள். மார்பிள் கடையில், டைல் வெட்டும் வாளில் அறுத்துத் தருவதாக யாராவது சொன்னால் வேண்டாம். அங்கே ஓடுவது குழாய்த் தண்ணீர்; குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு; விண்கல்லின் இரும்புக்குக் குளோரைடுதான் எமன்.

ஏற்கெனவே உடைந்து தோல் போன பக்கம் இருந்தால் வெட்டு அந்தப் பக்கம் விழட்டும். துண்டின் விளிம்பில் கொஞ்சம் தோலும் இருந்தால் நல்லது. வெட்டிய முகம் காட்சிக்கு நட்டமென்று நினைக்காதீர்கள். வெளியே கறுப்பு உருண்டையாக இருக்கும் கல்லுக்குள், நம் சூரியக் குடும்பம் பிறந்த 456 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய குருணைகள் கேழ்வரகுபோல் அடுக்கியிருப்பதை அந்த முகத்தில்தான் பார்க்க முடியும்.

மீதி 575 கிராமையும் ஆய்வுக்கு அனுப்பச் சொல்லும் உறுப்பினர்களுக்கு இனிச் சொல்லுகிறோம். உங்கள் ஆர்வம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் இன்றைய கருவி கடைசிக் கருவி இல்லை. 1857 பிப்ரவரி 28-இல் மதுரை மாவட்டத்தில் இரண்டு கற்கள் விழுந்தன. பர்னல்லீ என்ற பெயரில் அவை பதிவாகியிருக்கின்றன. பெரும்பகுதி லண்டனுக்குப் போயிற்று. எலெக்ட்ரான் நுண்ணாய்வி வந்தது 1950-களில். விண்கற்களை ஆக்சிஜன் ஐசோடோப்பால் இனம் பிரிக்கலாம் என்பது தெரிந்தது 1973-இல். அன்றே முழுக் கல்லையும் அரைத்து அமிலத்தில் கரைத்திருந்தால், வெப்பத்தில் அதிகம் மாறாத அரிய எல்எல்3 வகையைச் சேர்ந்தது அது என்று இன்று தெரிந்திருக்காது. பீகாரில் 1865-இல் விழுந்த ஷெர்கோட்டி இன்னும் பெரிய சான்று. அதே இனத்தைச் சேர்ந்த ஓர் அண்டார்க்டிகக் கல்லுக்குள் சிக்கியிருந்த வாயு, வைக்கிங் விண்கலங்கள் செவ்வாயில் அளந்த காற்றோடு பொருந்துகிறது என்று 1983-இல் தெரிந்தது. 118 ஆண்டுகள் ஒரு கல் காத்திருந்தது. காத்திருக்கும்படி யாரோ அதை வைத்திருந்தார்கள். பெண்ணு சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் வந்த 121.6 கிராமில் குறைந்தது 70 விழுக்காட்டை வருங்கால ஆய்வாளர்களுக்கென்று நாசாவே ஒதுக்கி வைத்திருக்கிறது.

அதற்கும் மேலே ஒரு காரணம் இருக்கிறது. அது நம் கல்லுக்கே உரியது. விண்வெளியில் பறக்கும்போது அண்டக் கதிர்கள் கல்லுக்குள் சில கதிரியக்க அணுக்களை உண்டாக்குகின்றன. விழுந்தவுடன் அந்த உற்பத்தி நின்று, தேய்வு தொடங்குகிறது. சோடியம்-24-இன் அரை ஆயுள் 15 மணி நேரம், வனேடியம்-48-க்கு 16 நாள், சோடியம்-22-க்கு 2.6 ஆண்டு. தாத்தா காலத்துக் கல்லில் இவை எல்லாம் போய்விட்டன. ஆனால் டைட்டானியம்-44-இன் அரை ஆயுள் ஏறக்குறைய 60 ஆண்டு. இத்தாலியின் தூரின் நகரில் ஒரு மலைக்கடியில் அமைந்த ஆய்வகத்தில், 18-ஆம் நூற்றாண்டு தொடங்கி விழுந்து அருங்காட்சியகங்களில் இருந்த கற்களின் டைட்டானியம்-44-ஐ அளந்து, சூரியனின் செயல்பாடு நூற்றாண்டுக்கு நூற்றாண்டு எப்படி ஏறி இறங்கியது என்று கண்டார்கள். அளவு மிக நுண்ணியது. நூற்றுக்கணக்கான கிராம் கல் மொத்தமாக வேண்டும். அளப்பதற்குக் கல்லை உடைக்கவும் வேண்டாம், அறைக்குள் வைத்துக் காமாக் கதிரை எண்ணினால் போதும். ஆனால் விழுந்த ஆண்டு தெரியாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

எனவே இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: அந்தக் குடும்பத்தின் மூத்தவர்களிடம் உட்கார்ந்து பேசி, ஒலிப்பதிவு செய்யுங்கள். ஆண்டு நினைவில் இல்லையென்றால் சுற்றிக் கேளுங்கள். சப்பான்காரன் காலத்துக்கு முன்பா பின்பா? அவசரகாலத்தில் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்ட பிறகா? மெர்டேக்கா எனும் விடுதலைக்கு முன்பா? அப்போது அங்கே கித்தாவா, செம்பனைக்கு மாற்றிவிட்டார்களா? தோட்ட எழுத்தராக எந்தக் கிராணி இருந்தார், எந்தப் பிள்ளை பிறந்த வருடம்? பகலா இரவா, சத்தம் கேட்டதா, பால் எடுக்கும் நேரமா? செக்ரோல் புத்தகங்கள் உங்களிடமே இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். கல்லைவிட முதலில் அழியக்கூடியது இந்த நினைவு.

இனிப் பெட்டிக்கு வருவோம். முழுதாகப் பூட்டி வைத்தால் பத்திரம் என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியைக் கூர்ந்து படிக்க வேண்டும்.

பிரான்சில் 1864 மே 14-இல் ஓர்கேய் என்ற ஊரில் விழுந்த கல்லை அன்றே வேதியியலார் விரிவாக விவரித்தார்கள். அதற்குப் பல ஆண்டுகள் பின்னர் அதே கல்லில் வெள்ளை உப்பு நாளங்கள் ஓடுவதைப் பார்த்த அறிவியல் உலகம், சிறுகோளில் தண்ணீர் ஓடியதற்கு அவை சான்று என்று நெடுநாள் எண்ணியது. அந்த நாளங்கள் அருங்காட்சியக அலமாரியின் ஈரக்காற்றில் முளைத்தவை என்று 2001-இல் இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஐரோப்பாவின் அலமாரியிலேயே இந்த நிலை. நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காடு, விடியற்காலையில் 95. இங்கே சாதாரணக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த கல்லில் இரும்பு-நிக்கல் துணுக்குகள் ஒவ்வொன்றாகத் துருவாகி, துரு இடம் அதிகம் கேட்டுப் பிதுங்கி, கல் விரிசல் விட்டு, தோல் பொருக்குப் பொருக்காக உதிரும். வெட்டிய முகம் புதிய உலோகத்தைக் காற்றுக்குக் காட்டுவதால் இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். ஆகவே உலர் பெட்டி தயாராகும் வரை வெட்டவும் கூடாது.

காட்சிப் பெட்டியைக் கித்தா மரப் பலகையில் செய்யலாம் என்று பேச்சு நடக்கிறது. தோட்டத்து நினைவுக்குப் பொருத்தம்தான். கத்திக்கும் மங்குக்கும் அப்படியே செய்யுங்கள். கல்லுக்கு வேண்டாம். எந்த மரமும், குறிப்பாக ஒட்டுப்பலகையும் எம்டிஎஃப்பும், மூடிய இடத்தில் அசிட்டிக், பார்மிக் அமில ஆவியை விடும். அடியில் ரப்பர் விரிப்பும் போடாதீர்கள். வல்கனைஸ் செய்த ரப்பரில் கந்தகம் இருக்கிறது. கண்ணாடியை ஒட்டும் சிலிக்கோன் புளிக்காடி வாடை அடித்தால் அது அசிட்டிக் அமிலம் விடும் வகை. நடுநிலை வகை என்று கேட்டு வாங்குங்கள். கண்ணாடி, அக்ரிலிக், எஃகு, பாலிஎத்திலீன் நுரை ஆகியவை போதும்.

ரப்பர் ஷீட்டு அடித்த பழைய ஆலைக் கொட்டகையில் காட்சியகம் அமையப் போகிறது என்றால் இன்னொன்று. பாலை உறைய வைக்க ஊற்றிய பார்மிக் அமிலம் தரையிலும் சுவரிலும் ஊறியிருக்கும். டாகிஷ் லேக் என்ற கனடா விண்கல்லில் ஆய்வாளர்கள் கண்ட முக்கியமான கரிமப் பொருள்களில் பார்மிக் அமிலமும் ஒன்று. நம் கல்லும் அந்த இனமாக இருந்து கொட்டகையில் ஒரு மாதம் கிடந்தால், அளக்கும் பார்மிக் அமிலம் வானத்திலிருந்து வந்ததா நம் ஆலையிலிருந்து வந்ததா என்று யாராலும் பிரிக்க முடியாமல் போகும். கல்லை மட்டும் பள்ளிக்கூட அறையில் வைக்கலாம்.

பெட்டியின் உள்ளளவு 30 சென்டிமீட்டர் கனசதுரம் என்று வைத்துக்கொள்வோம், 0.027 கன மீட்டர். கன மீட்டருக்கு 20 கிலோ சிலிக்கா ஜெல் என்ற அருங்காட்சியகக் கணக்குப்படி 540 கிராம் தேவை. 1 கிலோவுக்கு மேல் வாங்கி இரண்டு பங்காக்குங்கள். ஒன்று பெட்டியில், மற்றது உலர்ந்து தயாராக. நிறம் மாறுவதை மட்டும் நம்பாமல் வாரம் ஒரு முறை எடை போடுங்கள். 540 கிராம் 620 ஆனதும் மாற்றிவிட்டு, ஈரமானதை 110 முதல் 120 பாகை அடுப்பில் மூன்று மணி நேரம் காய வைத்து, ஆறும்வரை மூடியே வையுங்கள். ஜெல்லுக்குத் தனி அடித்தட்டு, துளையிட்ட தளம், அதன்மேல் கல். ஒரு சிறிய ஈரப்பதமானி உள்ளேயே இருக்கட்டும். முள் 30-க்குக் கீழே நின்றால் நல்லது, 40-ஐத் தாண்டினால் அன்றே மாற்றுங்கள். ஜெல் தட்டு பின்பக்கமாகத் தனியே திறக்கும்படி தச்சரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு வாரமும் கல் இருக்கும் இடமும் திறக்க வேண்டி வரும். இதெல்லாம் தொல்லை என்றால், படக்கருவி லென்ஸ் வைக்கும் மின் உலர் அலமாரி ஒன்று வாங்குங்கள்; முன்பக்கம் கண்ணாடிக் கதவு, அதுவே காட்சிப் பெட்டியும் ஆகும். மின்சாரம் போகும் நாளுக்காக உள்ளே ஒரு ஜெல் பையும் இருக்கட்டும். பகலில் ஏர்கோன் எனும் குளிர்சாதனம் போட்டு இரவில் நிறுத்தும் அறை, எப்போதும் ஏர்கோன் இல்லாத அறையைவிட மோசம். குளிர்ந்த கல்மேல் இரவில் வியர்வைபோல் நீர் பூக்கும்.

வார்னிஷ், மெழுகு, தேங்காயெண்ணெய் எதுவும் பூச வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஒரு நகல் செய்யுங்கள். அதற்குச் சிலிக்கோன் அச்சு எடுக்காதீர்கள், அதன் எண்ணெய் கல்லுக்குள் இறங்கும். வெட்டுமுன் எல்லாப் பக்கமும் 100 படம் எடுத்து முப்பரிமாண அச்சில் வார்க்கலாம். மருத்துவமனை சிடி ஸ்கேன் எடுத்துத் தர யாராவது முன்வந்தால் முதலில் ஆய்வகத்தைக் கேளுங்கள். எக்ஸ் கதிர் கல்லை உடைக்காது. ஆனால் வெப்ப ஒளிர்வு என்ற அளவீட்டுக்கான இயற்கைப் பதிவைக் கெடுக்கும். அது முடிந்த பிறகு ஸ்கேன் எடுக்கலாம்.

ஆலய நிர்வாகத்தினருக்குப் பணிவோடு ஒரு வார்த்தை. கல் இடையில் கோவிலில் இருந்த நாள்களில் பாலும் மஞ்சள்நீரும் விபூதியும் பட்டிருக்கிறது என்று கேள்விப்படுகிறோம். பக்தியில் செய்தது; நடந்ததற்கு யாரையும் குறை சொல்லவில்லை. எந்த நாளில் என்ன பட்டது என்று எழுதித் தந்தால் ஆய்வகத்துக்கு அது பெரிய உதவி. இனிமேல் ஈரம் மட்டும் வேண்டாம். கும்பிடுவதற்கும் ஆய்வுக்கும் பகையில்லை. ஜப்பானின் நோகாட்டா ஊரில் 861-ஆம் ஆண்டு மே 19-இல் விழுந்த 472 கிராம் கல் சூகா ஆலயத்தில்தான் இன்றும் இருக்கிறது. அறிவியலார் அதைச் சோதித்து எல்6 காண்ட்ரைட் என்று உறுதி செய்தார்கள். விழுந்ததைப் பார்த்தவர்கள் காலத்திலிருந்து காக்கப்பட்டு வருபவற்றில் உலகிலேயே பழமையான கல் அது. திருவிழாவுக்கு நம் கல்லையும் அதன் மூடிய பெட்டியோடு வெளியே கொண்டு வரலாம். கற்பூரமும் விபூதியும் பெட்டிக்கு வெளியே நிற்கட்டும்.

ஆளுக்கொரு துண்டு கேட்டு வருவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். 1492 நவம்பர் 7-இல் அல்சாஸின் என்சிசைமில் 127 கிலோ கல் விழுந்தது. மன்னர் மாக்சிமிலியன் அதைத் தேவாலயத்தில் வைக்கச் சொன்னார். ஆனாலும் அடுத்த நூற்றாண்டுகளில் வந்தவர் போனவர் எல்லாம் பெயர்த்தெடுத்து, இன்று அந்த ஊரில் பாதிக்கும் குறைவே மிச்சம். நம்முடையது 600 கிராம்தான். ஒரு வெட்டுக்கு மேல் இல்லை என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்திடுங்கள். இரண்டாவது வெட்டுக்குக் குடும்பம், குழு, ஆய்வகம் மூன்றும் ஒப்ப வேண்டும்.

காகித வேலையில் சுருக்கமாக: கல் குடும்பத்தின் உடைமை, காட்சியகத்துக்குக் கடன் என்று இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். அனுப்பும்போது எடை 0.1 கிராம் வரை துல்லியமாக, படத்தோடு, பெற்றுக்கொண்டவரின் முத்திரையோடு ரசீது. மாதிரித் துண்டு எந்த நிறுவனத்தில் நிரந்தரமாக இருக்கும், தூளும் மிச்சமும் எப்போது திரும்பும் என்ற வரிகள். முதலில் ஈப்போவிலுள்ள கனிம, புவி அறிவியல் இலாகாவிடமும், மலாயாப் பல்கலைக்கழகம் அல்லது தேசியப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையிடமும் பேசுங்கள். வெளிநாட்டு வாங்குநர் ஒருவர் தொலைபேசியில் பெரிய விலை சொன்னால், பதிவு முடியும் வரை பதில் சொல்லாதீர்கள். மலாக்கா நீரிணைக்கு அப்பால், வட சுமத்ராவின் கோலாங்கில் 2020 ஆகஸ்டு 1-இல் ஒரு வீட்டுக் கூரையைத் துளைத்த அரிய கரிமக் கல் சேகரிப்பாளர்கள் கைக்குத்தான் போயிற்று. இங்கிலாந்தின் வின்ச்கம்பில் 2021 பிப்ரவரி 28-இல் விழுந்ததோ லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய் ஆராயப்பட்டது. அதன் ஒரு துண்டு அந்தச் சிற்றூரின் சொந்த அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. நமக்கு வேண்டிய ஏற்பாடு அதுதான்.

கடைசியாக, இனி ஒரு கல் விழுந்தால். அது எப்போது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் செய்முறையைக் காட்சியகச் சுவரில் இப்போதே ஒட்டி வைக்கலாம். விழுந்த கல் தீயாய்ச் சுடாது. வெதுவெதுப்பாகவோ குளிர்ந்தோ இருக்கும், தண்ணீர் ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை. எடுப்பதற்கு முன் 20 காசு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம், கைத்தொலைபேசியில் இடக்குறிப்பு, நேரம். வெறுங்கையால் தொடாமல், புதிய அலுமினியத் தாளால் எடுத்து அதிலேயே சுற்றி, அதன் மேல் ஜிப் பை. நேரே நெகிழிப் பையில் போட்டால் பையின் வழுவழுப்புக்குச் சேர்க்கும் பொருள்கள் கல்லில் ஏறும். விழுந்த இடத்து மண்ணில் ஒரு கரண்டி தனிப் பையில். செம்பனைக் காட்டில் போடும் பொட்டாசியம் குளோரைடு உரமும் களைக்கொல்லியும் கல்லில் ஏறியிருந்தால் அந்த மண்தான் காட்டிக் கொடுக்கும். கூரையைத் துளைத்திருந்தால் அந்த ஜிங்க் தகரத்தையும் எடுத்து வையுங்கள்.

மழைக்கு முன்னே எடுப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கோஸ்டா ரிக்காவின் அகுவாஸ் சார்காசில் 2019 ஏப்ரல் 23-இல் கரிம விண்கல் விழுந்தது. நம்மைப்போல் மழைக் காடும் தோட்டமும் உள்ள நாடு. சில நாளில் பெருமழை வந்தது. மழைக்கு முன் எடுத்த துண்டுகளையும் பின் எடுத்தவற்றையும் இன்றுவரை ஆய்வாளர்கள் தனித்தனியாகவே கணக்கில் வைக்கிறார்கள். இங்கே மாலை நான்கு மணிக்கே மழை கொட்டுகிறது. நமக்குச் சில மணி நேரமே உண்டு. நனைந்துவிட்டால் கழுவாதீர்கள், வெயிலிலும் அடுப்பிலும் காய வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் தானாக உலரட்டும். கரிபோல் நொறுங்கும் கல்லாக இருந்தால், ஜெல் பையோடு காற்றுப் புகாமல் மூடி உறைபெட்டியில் வைக்கலாம். டாகிஷ் லேக் 2000 ஜனவரியில் உறைந்த ஏரிமேல் விழுந்தபோது அதை எடுத்தவர் கைபடாமல் பையிலெடுத்து உறைநிலையிலேயே வைத்திருந்தார். இன்றும் அது உறைகுளிரில்தான் பாதுகாக்கப்படுகிறது. வெளியே எடுத்தால் அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. குறுகிய ஆயுள் அணுக்கள் இன்னும் இருக்கும் என்பதால் அன்றே பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி அடியுங்கள், மறுநாள் வரை தள்ளாதீர்கள்.

வரும் சனிக்கிழமை பொருள் பார்வையிடலின்போது ஈரப்பதமானி இரண்டு, துல்லியத் தராசு, திசைகாட்டி, பாலிஎத்திலீன் நுரை ஆகியவற்றோடு நாங்கள் வருகிறோம். அதுவரை கல்லைக் காகித உறையிலிருந்து எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி, மூடி இறுக்கமான டப்பாவில் ஜெல் பையோடு வையுங்கள். கித்தா மரப் பலகைக்கு முன்பணம் கட்டியிருந்தால் அதைக் கத்தி, மங்கு வைக்கும் அலமாரிக்கு மாற்றிக் கேளுங்கள்; தச்சர் அறுக்கத் தொடங்குமுன் சொன்னால் போதும்.

அன்புடன்,
நிலவியலிலும் அருங்காட்சியகப் பொருள் பராமரிப்பிலும் பயின்ற இவ்வட்டாரத்துக்காரர்கள்